எத்தனை பாகம்?

யாராவது ஒரு வெளியூரின் பெயரைச் சொன்னால் பாய் கேட்கும் முதல் கேள்வி, அங்கே ஏரி இருக்கிறதா என்பது. இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, எத்தனை பாகம் ஆழம் என்பது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை ஒரு பாகம். கடலுக்குப் போகிறவர்களின் அளவு அது. அவர்களுக்குக் கயிறு விற்றவர் என்பதால் அவருக்கும் அதுவே அளவு. மீட்டர் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். "அது காகிதத்துக்கு. தண்ணிக்கு பாகம்தான்" என்பார்.

புதுச்சேரியில் முல்லா வீதிப் பக்கம் அவருடைய கயிற்றுக்கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் அவர்கள் வீடு, பக்கவாட்டுப் படி ஏறினால் மாடியில் நான். ஆறு வருடம் அங்கே வாடகைக்கு இருந்தேன். நான் அவரை பாய் என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். அவருடைய மனைவியை அக்கா என்பேன். நில அளவை அலுவலகத்தில் எனக்கு வரைபடம் போடும் வேலை. வீட்டில் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அந்த ஆறு வருடக் குறிப்புகளில் என் சொந்தக்காரர்கள் எவரையும்விட அவர்தான் அதிகம் வருகிறார் என்பதை இப்போது புரட்டும்போது கவனிக்கிறேன்.

குள்ளமான மனிதர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. கடையில் கயிறும் வலையும் ஈயக்குண்டும் மிதவையும் கூரை வரை அடுக்கியிருக்கும். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் பழைய நாட்காட்டித் தாள்களைத் திருப்பி ஒட்டியிருப்பார். அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் உலகத்தின் ஆழமான ஏரிகள், நீலப் பேனாவில், அவர் கையெழுத்தில். பைக்கால் 897. டாங்கனீக்கா 803. அமெரிக்காவில் எரிமலை வாயில் இருக்கும் ஏரி 325. எல்லாம் பாகக் கணக்கு. மீட்டரில் படித்துச் சொன்னதும் ஒரு பாகத்துக்கு 1.83 என்று வகுத்துக் கொடுத்ததும் நான். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

பட்டியலில் 365 என்று ஓர் எண் இருந்தது. அதற்கு நேரே பெயர் எழுதவில்லை. கிர்கிஸ்தான் நாட்டு இசிக்குல் ஏரியின் ஆழம் அது. அந்தப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "அந்த ஏரி" என்பார். அதில்தான் அவருடைய மகன் போனான்.

நான் குடிவந்தபோது அது நடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மருத்துவம் படிக்கப் போன பையன். விடுமுறையில் கூடப் படிப்பவர்களோடு ஏரிக்குப் போயிருக்கிறான். மலையிலிருந்து திடீரென்று காற்று இறங்கி, அவர்கள் போன சிறிய மோட்டார் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் படகைப் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்குப் பிடி கிடைக்கவில்லை. பல நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னவரிடம் இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் எவ்வளவு ஆழம்?

ரொம்ப ஆழம் என்று பதில் வந்தது.

"ரொம்பன்னா என்ன தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார். நான் குடிவந்த இரண்டாவது வாரம், வாடகை ரசீது வாங்க இறங்கியபோது. "ஒருத்தன் வந்து நங்கூரக் கயிறு கேக்குறான். எவ்ளோ வேணும்னா ரொம்ப வேணும்ன்றான். நான் என்னத்த அறுத்துக் குடுப்பேன்?"

மற்றவர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் கேலிக்குச் சொல்லவில்லை. அளவு தெரியாத நீளத்தை அவரால் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. நாற்பது வருடம் தினமும் காலையிலிருந்து மாலை வரை யாராவது ஓர் ஆழத்தைச் சொல்லி, அதற்கு அவர் கயிறு கொடுத்திருக்கிறார்.

பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் இரண்டு முறை கடைக்கே வந்தார். உடல் கிடைக்காவிட்டாலும் தூரத்திலிருந்தே இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை வைக்கலாம், அதற்கு இடமிருக்கிறது, வைத்துவிடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். பாய் அவருக்குத் தேநீர் வரவழைத்தார், எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், ஆழம் தெரியட்டும் ஹஜ்ரத், தெரிஞ்சதும் வச்சிடலாம் என்றார். ஹஜ்ரத்துக்கு அது புரியவில்லை. எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை. ஆழத்துக்கும் தொழுகைக்கும் என்ன சம்பந்தம்?

இந்த இழுபறி நான்கு வருடம் நீடித்தது. அந்த நான்கு வருடத்தில்தான் அவர் ஏரிகளைக் கற்றுக்கொண்டார்.

ஏரிகளை அவர் ஆள்களைப் போலத் தரம் பிரிப்பார். பைக்கால் அவருக்கு மிகவும் பிடித்தது. உலகத்திலேயே ஆழம் அதிகம் என்பதால் அல்ல. அவ்வளவு ஆழத்திலும் அடித்தண்ணீர் வரைக்கும் காற்று இறங்குகிறது, அடித்தரை வரை உயிர்கள் வாழ்கின்றன என்று நான் படித்துச் சொன்னதனால். அங்கே ஒரு மீன் இருக்கிறது, உடம்பு கண்ணாடி போல, அதற்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்துத் தெரியும் என்கிறார்கள், முட்டையிடாமல் குட்டி போடும் என்று சொன்னேன். அன்றைக்கு முழுவதும் வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். முந்நூறுக்கும் மேலே ஆறுகள் உள்ளே வருகின்றன, ஒரே ஓர் ஆறு வெளியே போகிறது என்றதும், "ஒண்ணாவது போவுது பாரு" என்றார்.

டாங்கனீக்காவை அவருக்குப் பிடிக்காது. ஆப்பிரிக்காவில் நீளமாகக் கிடக்கும் ஏரி. மேலே சில நூறு அடிகளில்தான் தண்ணீர் அசைகிறது, அதில் விதவிதமாக நிறைய மீன்கள். அதற்குக் கீழே இருக்கும் தண்ணீர் மேலே வருவதே இல்லை. காற்றில்லை, உயிரில்லை. கீழே போனது கீழேயே இருக்கும். இதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் ஈயக்குண்டுகளைத் தராசுத் தட்டில் அடுக்கினார். வாங்க யாரும் வந்திருக்கவில்லை. பிறகு அவற்றைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

எரிமலை வாய் ஏரியில் ஒரு மரம் இருக்கிறது. ஆறே வந்து சேராத ஏரி அது, மழையும் பனியும்தான். அதில் நூறு வருடத்துக்கும் மேலாக ஓர் அடிமரம் மூழ்காமல் மிதக்கிறது. படுத்து மிதக்கவில்லை. செங்குத்தாக நின்றபடி, தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, காற்றடிக்கும் பக்கமெல்லாம் ஏரி முழுக்கச் சுற்றி வருகிறது.

"நின்னுக்கிட்டேவா?" என்றார்.

ஆமாம் என்றேன். இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் எதிரே வந்தபோது மறுபடி அதையே கேட்டார். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் கேட்டார். மூன்று முறையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

தென்துருவத்தில் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் பனிக்கு அடியில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது, அதன் தண்ணீரை யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை என்றபோது அவருக்குக் கோபம் வந்தது. பார்க்காத தண்ணீரை எப்படி அளந்தார்கள் என்று கேட்டார். மேலிருந்து அலைகளையும் அதிர்வையும் அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கணக்குப் போடுவார்கள் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குண்டு கட்டிய கயிற்றை இறக்கினால், அடி தட்டும்போது கையில் ஒரு தளர்ச்சி தெரியும், அதுதான் அளவு என்றார். நான் விடவில்லை. ரொம்ப ஆழத்தில் அது தெரியாது பாய், கயிற்றின் கனமே கீழே இழுத்துக்கொண்டிருக்கும், குண்டு தரையில் உட்கார்ந்த பிறகும் கயிறு ஓடிக்கொண்டே இருக்கும், பழைய காலத்துக் கப்பல்காரர்கள் அப்படித்தான் ஏமாந்தார்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். சரிதான் என்று சொல்லிவிட்டுக் கடையின் பாதி விளக்குகளை அணைத்தார். அப்போது சாயங்காலம் ஐந்தரைகூட ஆகவில்லை.

அவர் எப்போதும் துக்கமாக இருந்தார் என்று எழுதினால் அது பொய். வீராம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு மீனவர் அவரைச் சீண்டுவதற்கென்றே வருவார். வாங்குவது பத்துப் பாகம் கயிறாக இருக்கும், உட்காருவது ஒரு மணி நேரம். "இன்னா பாய், கண்காணாத ஏரிங்களையே கட்டிக்கிட்டு அழுவுற. எங்க கடலக் கேளேன். அதோட ஆழம் எனக்குத் தெரியும். எங்க மாமியா வாய் இருக்குது பாரு, அந்த ஆழம்."

"அப்ப எங்கிட்ட கயிறு பத்தாது, போ" என்று பாய் சொல்ல, அவர் துண்டை உதறிக்கொண்டு சிரிப்பார்.

ஒருமுறை வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர் ஒருவர் கயிற்றுச் சுருள்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிரான்சில் மலைப்பக்கம் தன் ஊர், ஊருக்கு நடுவிலேயே ஏரி என்றார். பாய்க்கு அவருடைய அப்பா காலத்துக் கடை பிரெஞ்சு பத்துப் பதினைந்து சொற்கள் தெரியும். "கொம்பியென் மேத்ர்?" என்றார். எத்தனை மீட்டர் என்று அர்த்தம். அவருக்காக பாகத்தை விட்டு மீட்டருக்கு இறங்கி வந்தார், அவ்வளவு மரியாதை. சுற்றுலாக்காரர் தோளைக் குலுக்கினார், தெரியவில்லை. அவர் போன பிறகு பாய் என்னிடம் சொன்னார்: "பொறந்த ஊர் ஏரி. பக்கத்துலயே வளந்திருக்காரு. கேட்டு வச்சுக்கத் தோணல பாரு."

இதைச் சொன்னபோது அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். மகனை அனுப்பும்போது அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அதை அக்காதான் சொன்னார். பையனுக்கு இரண்டு நாடுகளில் இடம் கிடைக்கிற மாதிரி இருந்திருக்கிறது. ஒன்று பிலிப்பைன்ஸ், சுற்றிலும் கடல். இன்னொன்று கிர்கிஸ்தான், எந்தப் பக்கமும் கடலே கிடையாது. பாய்க்குக் கடலைக் கண்டால் பயம். கயிறு வாங்கிப்போன எத்தனையோ பேர் திரும்பி வராததை அறிந்தவர். மகனை அவர் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் கால் வைக்க விட்டதில்லை. பையனுக்கு நீச்சல் தெரியாது. அட்லசைப் பிரித்து, விரலை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கடல் இல்லாத நாட்டை அவரே தேர்ந்தெடுத்தார். அட்லசில் அந்த நாட்டின் மேல்பக்கத்தில் ஒரு சின்ன நீலப் புள்ளி இருந்ததாம். பையன்கூட அதைக் காட்டினானாம். அது ஏரிதானே என்று இவர் பக்கத்தை மூடியிருக்கிறார்.

அக்கா மாடிக்கு வருவது அபூர்வம். முழங்கால் வலி. ஏறிவந்தால் பத்து நிமிடம் மூச்சு வாங்கிய பிறகுதான் பேசுவார். நான்காவது வருடம் ஒரு வியாழக்கிழமை வந்தார். நான் வரைபலகையில் வேலையாக இருந்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். எத்தனை பிள்ளைகள் என்று புதிதாக யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஒன்று என்று, கட்டிக்கொடுத்த மகளை மட்டும் சொன்னால் இவனைக் கொன்றுவிட்ட மாதிரி இருக்கிறது. இரண்டு என்றால் பையன் என்ன செய்கிறான் என்று கேட்கிறார்கள். அவனுடைய சட்டைகளை நான்கு வருடமாக மாதத்துக்கு ஒருமுறை துவைத்துக் காயவைத்து பீரோவில் அடுக்குகிறேன், யாருக்காவது கொடுக்கவும் முடியவில்லை என்றார்.

பிறகு சொன்னார்: "எனக்கு ஒரு தொழுகை வேணும் தங்கச்சி. அவன் போயிட்டான்னு பள்ளில நின்னு சொல்லணும். அழுவுறதுக்கு ஒரு நாள் வேணும். இவரு அந்த ஆழத்தக் கேட்டுக்கிட்டே என்ன அழவும் விட மாட்டேன்றாரு. நீ படம் போடுறவ. அந்த எடத்துல எவ்ளோன்னு பாத்து ஒரு கணக்கச் சொல்லிடேன்."

அந்த எண்ணை நான் ஏன் அதுவரை தேடவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஏரியின் அதிகபட்ச ஆழத்தை அவர் கேட்ட வாரமே சொல்லிவிட்டேன், 668 மீட்டர், 365 பாகம். பனிமலைகளுக்கு நடுவில் இருந்தும் உறையாத ஏரி, தண்ணீரில் லேசாக உப்பு. நூற்றுக்கும் மேலே ஓடைகளும் ஆறுகளும் வந்து சேருகின்றன, ஒன்றுகூட வெளியே போவதில்லை. இந்தக் கடைசித் தகவலை மட்டும் நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அவரே வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அவர் கேட்டதோ ஏரியின் ஆழம் அல்ல, அந்த இடத்தின் ஆழம். இரண்டும் வேறு என்று தெரிந்துகொண்டே நான் முதலாவதைக் கொடுத்துவிட்டு இருந்துவிட்டேன்.

இணையத்தில் அந்த ஏரியின் ஆழப்படம் ஒன்று கிடைத்தது. ரஷ்ய எழுத்துகள். கோடுகளுக்கு மொழி வேண்டியதில்லை. ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் வளைகோடுகள், நூறு மீட்டருக்கு ஒன்று. பையனோடு படித்து, இப்போது விழுப்புரத்தில் மருத்துவராக இருக்கும் நண்பர் ஒருவரை அக்கா வரவழைத்தார். அன்றைக்குக் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களில் அவரும் ஒருவர். படத்தை அவர் தன் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு தென்கரையில் அவர்கள் படகு ஏறிய துறையைக் காட்டினார், வலப்பக்கம் தெரிந்த மலைமுனையைக் காட்டினார், இரண்டும் எந்தக் கோணத்தில் தெரிந்தன என்று சொன்னார். நான் இரண்டு கோடுகள் இழுத்தேன். அவை 200 மீட்டர்க் கோட்டுக்கும் 300 மீட்டர்க் கோட்டுக்கும் நடுவில் வெட்டிக்கொண்டன. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், சரிபாதி. பென்சிலைக் கூராக்கி மறுபடி இழுத்தேன். மறுபடியும் சரிபாதி. 250 மீட்டர். பத்து மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். 1.83 ஆல் வகுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்து பாய் வந்தபின் இறங்கிப்போனேன். ஞாயிறு என்பதால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அக்கா வீட்டுக்குப் போகும் உள்வாசலில் நின்றார். படத்தை மேசைமேல் விரித்து, இடத்தில் விரல் வைத்தேன். பாய் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தன பாகம்?"

"நூத்தி முப்பத்தேழு."

அவர் உட்காரவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. வாய்க்குள் ஒருமுறை அந்த எண்ணைச் சொல்லிப் பார்த்தார். முகத்தில் ஏதோ தெளிந்தது. "அப்ப ஒரு சுருள்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஒரே சுருள்தான்" என்றார்.

மேல்தட்டிலிருந்து பிரிக்காத நீலக் கயிற்றுச் சுருள் ஒன்றை இறக்கினார். உறையைக் கிழித்து நுனியை உருவி அளக்க ஆரம்பித்தார். இடக்கையில் நுனி, வலக்கை விரிந்து நீளும், நெஞ்சு அகலும், பிறகு கயிறு தரையில் விழும். வாடிக்கையாளர்களுக்கு அளக்கும்போது அவர் ஒன்று என்று சொல்வதில்லை. முதல் அளவுக்கு, பெருகட்டும் என்ற பொருளில், "பரக்கத்" என்பார், பிறகு இரண்டு, மூன்று. அன்றைக்கு "ஒண்ணு" என்று ஆரம்பித்தார்.

அவர் எண்ணும் சத்தமும் கயிறு விழும் சத்தமும் மட்டும். அறுபதுக்குப் பிறகு அவருக்கு மூச்சு இரைத்தது, நிறுத்தவில்லை. நூறைத் தாண்டும்போது அக்காவின் உதடுகளும் கூடவே எண்ணத் தொடங்கின. நூற்று முப்பத்தேழில் சுருள் தீர்ந்தது, கையில் அரைப்பாகம் மிச்சம். அதை ஓர் அருளைப் போலத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா. அளவெடுத்து வச்ச மாதிரி. வெள்ளிக்கெழம ஹஜ்ரத்துகிட்ட சொல்லிடலாம்" என்றார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கிழித்த உறை என் காலடியில் கிடந்தது. அதில் கயிற்றின் பருமனும் நீளமும் அச்சடித்திருந்தன. நீளம் 220 மீட்டர்.

நான் வகுத்தது புத்தகத்துப் பாகத்தால். அது ஆறடி மனிதனுடைய கை. இவர் ஐந்தேகால் அடி. ஓர் ஆளின் பாகம் அவரவர் உயரம்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான்கு வருடம் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே 1.83 போட்டிருக்கிறேன். சுவரில் இருக்கும் எண்கள் முழுக்க அவருடைய கைக்குப் பொருந்தாதவை. அவை போகட்டும். தரையில் கிடந்த கயிறு அந்தப் பையனுக்கு முப்பது மீட்டர் மேலே நின்றுவிட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது. தொழுகைக்கு பாய் தன் வாயாலேயே நாள் சொல்லிவிட்டார். உறையை எடுத்து மடிக்கக்கூடத் தொடங்கினேன். ஆனால் ரொம்ப என்று சொன்ன ஒருவரால்தான் அவர் நான்கு வருடம் தவித்தார். தப்பான எண் அதைவிட எந்த விதத்தில் மேல்?

"பாய், இது எட்டாது" என்றேன். "நான் போட்ட பாகம் பெருசு. உங்க கைக்கு நூத்தி அம்பத்தாறே கால் வரும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. பாய் தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்தார். விரித்தார், மடக்கினார். அப்படியா என்றார். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு சுருளை இறக்கி, முதல் சுருளின் வாலோடு அதன் தலையைச் சேர்த்து முடிச்சுப் போட்டார். முடிச்சுக்கு ஒரு சாண் போகும் என்று தனக்குள் சொல்லி, அந்த ஒரு சாணையும் விட்டுக்கொடுத்து அளந்தார். நூற்று முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. ஒவ்வொரு பாகத்தையும் இழுத்து முழுசாக விரித்தார். நூற்று ஐம்பத்தாறு. கடைசிக் காலுக்கு முழங்கையை மடக்கி, பூக்காரிகள் அளப்பதுபோல ஒரு முழம் போட்டார். கத்தியால் அறுத்தார்.

அக்கா வாசலிலிருந்து வந்து தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், எப்படி உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. கயிற்றுக் குவியல் அவருடைய இடுப்பு உயரம்கூட இல்லை. அதன்மேல் கை வைத்தார்.

"இவ்ளோதானா?" என்றார்.

அக்கா இரண்டு கைகளையும் குவியலுக்கு அடியில் கொடுத்து அள்ளினார். எட்டுக் கிலோவுக்குள்தான் இருக்கும். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, என் தோளைப் பற்றி எழுந்து, தொங்கும் நுனியை மிதித்துவிடாமல் கால் பார்த்து வைத்து, உள்ளே போனார். பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் அழுவது கேட்டது. நான் அந்த வீட்டில் அதற்கு முன் அதைக் கேட்டதில்லை.

பாய் மீதிச் சுருளைத் தட்டில் ஏற்றிவிட்டு, ஷட்டரை முழுதாக இறக்கப் போனார். வெளியே, குனிந்து உள்ளே பார்த்தபடி ஒருவர் நின்றார். இருபத்தைந்து முப்பது வயது, கடைக்குப் புதியவர், கடற்கரை ஊர்களில் ஏதோ ஒன்று. நங்கூரக் கயிறு வேண்டும் என்றார்.

"கடை இல்லப்பா" என்றார் பாய். "வீட்டுல மவுத்து."

அந்த ஆள் சட்டென்று தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "யாரு பாய்?"

"எம் புள்ள."

"எப்ப?"

பாய் ஷட்டரைப் பிடித்தபடி சற்று யோசித்தார்.

"இப்பதான்" என்றார்.